கொலுசுப் பட்டறைக்கு நீங்களே போடும் கணக்கு ஷீட்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை நடத்துபவர்கள் எடைக் கணக்குக்காக ஆப் தேடி அலைய வேண்டாம். கடையில் விற்கும் ஆப்புக்கு நம் தொழிலின் நெளிவுசுளிவு தெரியாது. போனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தாலே போதும்.

நான்கு பத்தி போடுங்கள்: வேலை செய்பவரிடம் கொடுத்த வெள்ளி, வந்த கொலுசு, வந்த துண்டும் தூளும், சேதாரம். முதல் பத்தியிலிருந்து அடுத்த இரண்டையும் கழிக்கும் ஃபார்முலாவை நான்காவதில் போட்டு, கீழ்வரை இழுத்துவிடுங்கள். 500 கிராம் கொடுத்து, கொலுசு 470, துண்டு 22 வந்தால் சேதாரம் 8 என்று அதுவே காட்டிவிடும். பற்றவைக்கத் தனியாகக் கொடுத்த பொடியையும் முதல் எடையில் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலும் கணக்கு உதைப்பது அங்கேதான்.

சரி, நன்றாக வேலை செய்கிறதா? பக்கத்துப் பட்டறைக்கும் அவசியம் கொடுங்கள். முதலில் ஷீட்டை நகலெடுத்து, அதில் ஆட்களின் பெயர், பழைய எடை எல்லாவற்றையும் அழியுங்கள். அப்புறம் ‘வியூவர்’ (பார்க்க மட்டும்) என்று வைத்து லிங்க்கை அனுப்புங்கள். வாங்குபவர் ‘மேக் எ காப்பி’ கொடுத்தால் அவருக்கென்று தனி ஷீட் வந்துவிடும். அதில் அவர் கூலிக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொண்டாலும் உங்கள் ஷீட் கலையாது.