கையால் சாயமிட்ட துணியில் ஒரு கலைக் குவில்ட்

குவில்ட் என்பது துணித்துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைப்பது. அதற்கான துணியைச் சிங்கப்பூரின் அரபு ஸ்திரீட்டிலோ பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலோ முழுப் பருத்தியாகக் கேட்டு வாங்குங்கள். சந்தேகமா? ஒரு நூலைக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணிபோல் கெட்டிப்படும். நாம் பயன்படுத்தும் புரோசியன் எம்எக்ஸ் (பருத்திக்கான தூள் சாயம்) பாலியெஸ்டரில் பிடிக்காது.

சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்த துணியை, லிட்டருக்குச் சுமார் 60 கிராம் சோடா ஆஷ் (சாயம் துணியில் பிடிக்க உதவும் காரத் தூள்) கரைத்த நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். கையுறை கட்டாயம். புரோசியன் எம்எக்ஸ் தூளைக் கரைக்கும்போது முகக்கவசம் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அந்தப் பாத்திரம் இனிச் சமையலுக்கு ஆகாது. சாயம் ஊற்றிய துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். நம்மூர் வெக்கையே போதும். ஏர்கான் அறையில் மட்டும் வைக்காதீர்கள், நிறம் மங்கும். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊறவைத்து, நீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். இதில் அவசரப்பட்டால், பின்னாளில் சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்கும்.

துணி நன்றாகக் காய்ந்தபின்தான் வெட்ட வேண்டும். மழைநாளில் அரைகுறையாகக் காய்ந்தது இழுபட்டு, சதுரம் கோணிப்போகும். வெட்டிய துண்டுகளை ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்து இணையுங்கள். மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் அடுக்கிக் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும். சுவரில் மாட்ட, பின்புற மேல்விளிம்பில் கோல் நுழையும்படி ஒரு துணிக்குழலைத் தைத்துவிடுங்கள்.