அட்டாக் 25: பதில் தெரிந்தவர்கள் தோற்கிற இடங்கள்

ஒதெல்லோ என்ற பலகை ஆட்டத்தைப் போனிலாவது ஒருமுறை விளையாடியிருப்பீர்கள், ரிவர்சி என்ற பெயரிலாவது. எதிராளியின் காய்களை இரண்டு பக்கமும் நம் காயால் மடக்கினால் நடுவில் இருப்பதெல்லாம் நம் நிறத்துக்கு மாறும், அவ்வளவுதான் விதி. ஜப்பானில் அது 1973-ல் கடைக்கு வந்தது. இரண்டே வருடத்தில், 1975 ஏப்ரலில், ஒசாகாவின் ஆசாஹி ஒளிபரப்பு நிறுவனம் (ABC) அந்த விதியை எடுத்து ‘பேனல் குவிஸ் அட்டாக் 25’ என்ற வினாடி வினாவைத் தொடங்கி, 2021 செப்டம்பர் வரை ஞாயிறு மதியங்களில் ஓட்டியது. அப்புறம் 2022-ல் ஒரு செயற்கைக்கோள் சேனலில் மறுபடி வந்தது.

சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம் என்று நான்கு பேர். ஐந்துக்கு ஐந்தாக, மேல் வரிசையிலிருந்து 1 முதல் எண்ணிட்ட 25 கட்டங்கள். பஸ்ஸரை முதலில் அழுத்திச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு கட்டம்; முதல் கட்டம் எப்போதும் நடுவில் உள்ள 13. இதை நண்பர்களோடு விளையாடிப் பார்க்கிறவர்கள், பழைய பதிவுகளைப் பார்த்து ‘இவர் ஏன் அங்கே போய் வைத்தார்’ என்று கத்துகிறவர்கள், எல்லோரும் முதலில் விழுகிற குழி ஒன்றுதான்: இதை வெறும் குவிஸ் என்று நினைப்பது. கணக்கில் வருவது கடைசியில் உங்கள் நிறத்தில் இருக்கும் கட்டங்கள். எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னீர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை, அதனால் குறைவாகப் பதில் சொன்னவர் ஜெயிப்பது இங்கே ஆச்சரியமே இல்லை.

பஸ்ஸர் அவசரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தவறாகச் சொன்னால் அடுத்த இரண்டு கேள்விகளுக்கு எழுந்து நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கட்டங்கள் பாதி நிறைந்த பிறகு இரண்டு கேள்வி என்பது பெரிய நஷ்டம், ஆட்டமே அதில் கைமாறிவிடும்.

மூலைகளுக்கு வருவோம், ஏனென்றால் ஒதெல்லோ தெரிந்தவர்கள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள். 1, 5, 21, 25 இவைதான் மூலைகள். மூலையை யாரும் மடக்க முடியாது என்பது இங்கேயும் சரி. ஆனால் புதுக் கட்டம் ஏற்கெனவே எடுத்த கட்டங்களை ஒட்டித்தான் எடுக்க வேண்டும், அதனால் 2, 6, 7 மூன்றும் காலியாக இருக்கும்வரை 1-ஐ யாராலும் தொட முடியாது. அப்படியிருக்க, வேறு இடம் இருந்தும் போய் 7-ல் உட்கார்ந்தால், மற்ற மூன்று பேருக்கும் நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள். இருவர் ஆடும் ஒதெல்லோவில் அடுத்த முறை யாருடையது என்று தெரியும். இங்கே அது பஸ்ஸரில் யார் கை முந்துகிறதோ அவருடையது. ‘இப்போது 7, அப்புறம் நானே 1’ என்ற திட்டமெல்லாம் செல்லாது.

நான்கு நிறங்கள் என்பதையும் பலர் பாதிதான் புரிந்துகொள்கிறார்கள். நடுவில் மாட்டுவது ஒரே நிறமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 11 சிவப்பு, 12 நீலம், 13 பச்சை, 14 வெள்ளை என்று இருக்கும்போது சிவப்புக்காரர் 15-ஐ எடுத்தால் அந்த வரிசை முழுக்கச் சிவப்பு. ஆரம்பத்தில் நடுப்பகுதியில் நான்கைந்து கட்டம் புரட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நம்பவே கூடாது, அது திரும்பத் திரும்ப நிறம் மாறப் போகிற பகுதி. இன்னொன்று, மடக்குகிற வாய்ப்பு இருந்தால் மடக்கித்தான் ஆக வேண்டும், இஷ்டத்துக்கு வேறு இடம் போக முடியாது. இந்த விதியை மறந்தவர் பதிலைச் சொல்லிவிட்டு, ஆசைப்பட்ட கட்டத்தின் எண்ணையும் சொல்லி, அது செல்லாது என்று கேட்டு முழிப்பார்.

சரி, அட்டாக் சான்ஸ். 36 வருடம் நிகழ்ச்சியை நடத்திய கோதாமா கியோஷி முஷ்டியை மடக்கி ‘அட்டாக் சான்ஸ்!’ என்று சொல்வது ஜப்பானில் மிமிக்ரிக்காரர்களின் நிரந்தரச் சரக்கு. ஐந்து கட்டங்கள் மிச்சமிருக்கும்போது வரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே யாரோ எடுத்த கட்டம் ஒன்றைக் காலியாக்கலாம். மூலையையும் காலியாக்கலாம், அதாவது அதுவரை அசைக்கவே முடியாது என்று இருந்தது இந்த ஒரு நிமிடத்தில் அசைந்துவிடும்.

இங்கே எல்லோரும் செய்கிற தவறு, முன்னணியில் இருப்பவரின் மூலையைக் கோபத்தில் காலியாக்குவது. அந்த விளிம்பின் மறுமுனையில் உங்கள் நிறம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த மூலையைத் திரும்பப் பிடித்தாலும் அந்த விளிம்பில் ஒரு கட்டம்கூடப் புரளாது. அதைவிட மோசம், வேறெங்காவது மடக்கும் வாய்ப்பு இருந்தால் விதிப்படி அங்கேதான் போக வேண்டும், காலியாக்கிய மூலை அப்படியே கிடக்கும். காலியாக்கியவருக்கு அதில் தனி உரிமை எதுவும் கிடையாது, அடுத்த கேள்வியில் முந்துகிறவர் வந்து எடுத்துக்கொள்வார். என்னைக் கேட்டால், மூன்றாவது இடத்தில் இருப்பவரின் கட்டத்தைக் காலியாக்குவதுகூடச் சில நேரம் சரிதான், அதைப் பிடித்தால் நீளமான ஒரு வரிசை புரளும் என்றால்.

கடைசித் தவறு ஜெயிப்பது உறுதியானவர்களுடையது. இனி என்ன என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். பெரிய பரிசு (பழைய தொடரில் அது வெளிநாட்டுப் பயணம்) ஜெயித்ததற்காக மட்டும் கிடைப்பதில்லை, அதற்குக் கடைசியில் ஒரு வீடியோவைப் பார்த்து அது யார், எந்த இடம் என்று சொல்ல வேண்டும். அந்த வீடியோ ஜெயித்தவரின் கட்டங்கள் வழியாக மட்டுமே தெரியும், மற்றவர்கள் பிடித்த பகுதி மூடியே இருக்கும். ஒன்பது கட்டத்தோடு ஜெயித்தவர் திரையில் பார்ப்பது ஒன்பது துண்டு.