8 ÷ 2(2 + 2) சண்டையை எப்படித் தீர்ப்பது?

வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது 8 ÷ 2(2 + 2) என்று போட்டால், எடுத்த எடுப்பில் விடை சொல்லிவிடாதீர்கள். கும்பகோணத்தில் போட்டித் தேர்வுக்குக் கணக்கு சொல்லித் தருவது என் தொழில். இந்தச் சண்டை என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்துகொண்டே இருக்கும். 16 என்பவரும் சரி, 1 என்பவரும் சரி, "போட்மாஸ் தெரியாதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடைப்பு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று எதை முதலில் செய்வது என்கிற பள்ளிக்கூட விதிதான் போட்மாஸ். ஒருவர் தப்பாகப் போட்ட கணக்கா, இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கிற கணக்கா? அதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். 12 − 5 + 3 கொடுத்தால் சில பிள்ளைகள் 4 என்பார்கள். போட்மாஸில் கூட்டல் முன்னால் வருகிறதே என்று 5-ஐயும் 3-ஐயும் கூட்டிவிடுவார்கள். பையில் 12 ரூபாய், 5 செலவு, அப்புறம் 3 வரவு என்று சொல்லுங்கள், 10 என்று அவர்களே திருத்திக்கொள்வார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே படி. வகுத்தலும் பெருக்கலும் ஒரே படி. இடமிருந்து வலமாகப் போக வேண்டும். 24 ÷ 4 × 2 என்றால் பள்ளிக்கூட விதிப்படி 12. இங்கே பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்த விதியும் ஆதிகாலம் தொட்டு வருவதல்ல. கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய ஃப்ளோரியன் கஜோரி, ÷, × இரண்டும் சேர்ந்து வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் உடன்பாடு இல்லை என்று 1928-ல் பதிவு செய்திருக்கிறார்.

8 ÷ 2(2 + 2) வேறு வகை. 2-க்கும் அடைப்புக்கும் நடுவில் பெருக்கல் குறி இல்லை. ஒட்டி எழுதிய அந்தப் பெருக்கலைச் சாதாரணப் பெருக்கலாக எடுத்தால் 16. 2(2 + 2) முழுவதும் ஒரே உருப்படி என்று எடுத்தால் 1. அடித்துச் சொல்லி 16 என்பவரிடம், ஆறு எக்ஸ் ஒய்-ஐ இரண்டு எக்ஸால் வகுக்கும் கணக்கை ÷ போட்டு ஒரே வரியில் எழுதிக் காட்டுங்கள். மூன்று ஒய் என்று உடனே சொல்வார். இடமிருந்து வலம் என்று கறாராகப் போனால் மூன்று எக்ஸ் ஸ்கொயர் ஒய் வந்திருக்க வேண்டும். அவரும் ஒட்டி எழுதியதை ஒன்றாகத்தான் படித்திருக்கிறார்!

கால்குலேட்டரைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடாதீர்கள். கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்-ல் இதைத் தட்டிச் சமக்குறியை அழுத்தியதும் மேல் வரியைக் கவனியுங்கள். 8÷(2(2+2)) என்று தானே ஓர் அடைப்பைச் சேர்த்துக்கொண்டு 1 என்று காட்டும். கூகுளில் போட்டால் அடைப்பு வேறு இடத்தில் விழும், (8/2)×(2+2) என்று பிரித்து 16 தரும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஐ-82-ம் டிஐ-83-ம் ஒரே கம்பெனிச் சரக்கு. ஒட்டிய பெருக்கலுக்கு முதலாவது முன்னுரிமை தரும், இரண்டாவது தராது. பைத்தான் என்ற நிரல் மொழியோ விடையே தராமல் பிழை காட்டும். இதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆக, எழுதியவரிடம் என்ன நினைத்து எழுதினார் என்று கேளுங்கள். ஏதாவது ஒரு சூத்திரத்திலிருந்து வந்திருந்தால் விடை அங்கேயே இருக்கும். சண்டை மூட்டவே போட்ட புதிர் என்றால், இரண்டு படிப்பையும் முழு அடைப்புகளோடு எழுதிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். நீங்களே எழுதும்போது மேலே கீழே கோடு போட்டுப் பின்னமாக எழுதுங்கள். பகுதியில் எது இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே வரியில்தான் எழுத வேண்டும் என்றால் கூடுதலாக ஒரு ஜோடி அடைப்பு போடுங்கள். கணிதக் குறிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 80000-2, ÷ குறியையே தவிர்க்கச் சொல்கிறது. சாய்கோடு போட்டால், அதே வரியில் அடைப்பில்லாமல் இன்னொரு பெருக்கலோ வகுத்தலோ தொடரக் கூடாது என்கிறது.

தேர்வு எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர் போட்டித் தேர்வுப் புத்தகங்களில் போட்மாஸின் இரண்டாம் எழுத்து 'ஆஃப்' (of). 18 ÷ 3 ஆஃப் 2 என்று வந்தால் முதலில் 3 ஆஃப் 2, அதாவது 6, விடை 3. அதே இடத்தில் × இருந்தால் 12. கேட்பவர் எந்த வழக்கத்தில் கேட்கிறாரோ அதில்தான் பதில் எழுத வேண்டும். தத்துவ விசாரணையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

எக்செல்லில் வேலை பார்ப்பவர்கள் மைனஸில் கவனமாக இருக்க வேண்டும். =-3^2 என்று அடித்தால் (^ என்றால் அடுக்கு) 9 வரும். பள்ளிக்கூடக் கணக்கில் அது −9. பைத்தானில் -3**2 என்று எழுதினாலும் −9தான். உங்களுக்கு வேண்டியது −9 என்றால் =-(3^2) என்று அடியுங்கள்.