சளி டப்பாவில் எச்சில்: நிமோனியா பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டுச் சாலையில் ஏறி, கேரள எல்லை தாண்டி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுபோகும் வண்டிகள். அப்படி ஒரு ஜீப்பில் எங்கள் ஆய்வகத்துச் சளி டப்பா ஒன்றும் மலையேறி இறங்கி வந்தது.

டப்பாவுக்குரிய தோட்டத் தொழிலாளி அக்காவுக்கு நான்கு நாள் காய்ச்சல், மூச்சிழுத்தால் விலாவில் குத்து. நிமோனியாவாக இருக்கலாம் என்று மருத்துவர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அக்கா காலை நான்கரை மணிக்குச் சளி எடுத்து, டப்பாவைத் தூக்குவாளியோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு, கூலியை விட மனமில்லாமல் வேலைக்கும் போய்விட்டு, மாலை ஆறு மணிக்கு என்னிடம் நீட்டினார். “காலைச் சளிதான் தம்பி, கவனமாக எடுத்தேன்.” சுடுசோற்றுக்குப் பக்கத்தில் பதின்மூன்றரை மணி நேரம். திறந்தால் மேலே நுரை, கீழே தண்ணீர். அது சளியே அல்ல, எச்சில்.

தவறு அவருடையது அல்ல, நாங்கள் சொன்ன சொல்லினுடையது. தமிழில் மூக்கில் ஒழுகுவதும் சளி, நெஞ்சில் கட்டுவதும் சளி. மலைக்கு அந்தப் பக்கம் நெஞ்சுச் சளிக்குக் கஃபம் என்பார்கள். அதைக் கேட்டால் நம் ஆட்களுக்கு வாதமும் பித்தமும் நினைவுக்கு வருகின்றன. போதாததற்கு, “துப்பிக் கொடுங்கள்” என்கிறோம். துப்பினால் எச்சில்தான் வரும். இருமிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்: வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல்.

எச்சிலைக் கண்டுபிடிப்பது எளிது. நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில், ஒரு பார்வைப் பரப்பில் வாய்த்தோல் செல்கள் 10-க்குக் கீழும் சீழ் செல்கள் 25-க்கு மேலும் இருந்தால் நல்ல மாதிரி. தேறாததைத் திருப்பி அனுப்பினால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் எச்சிலைக் கல்ச்சர் போட்டால், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால், வாயில் குடியிருக்கும் கிருமிதான் வளரும்; அதற்கு ஒரு பெயர் எழுதினால், தேவையில்லாத விலையுயர்ந்த ஊசி ஏறும். சளியில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்ததென்று மருந்து தொடங்குவதும் இதே வகை; அது பெரும்பாலும் நோய்க்குக் காரணமாக இருப்பதில்லை.

சளி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதித்தால், நிமோனியாவை உண்டாக்கும் முக்கியக் கிருமியான நிமோகாக்கஸ் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும்; உடன் வந்த வாய்க்கிருமிகளோ பெருகிவிடும். முடியாதபோது சளியைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். அதே பழக்கத்தில் இரத்தக் கல்ச்சர் பாட்டிலையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அது கூடவே கூடாது, அறை வெப்பத்தில்தான் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி இரத்தம், அதுவும் இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். 2 மில்லி விட்டுவிட்டு ‘கிருமி இல்லை’ என்று மகிழ்வதில் பொருளில்லை.

மருந்துக்கடை ஆன்டிபயாட்டிக் மாத்திரை இரண்டு வேளை உள்ளே போன பிறகு மாதிரி எடுத்தால் கல்ச்சர் பெரும்பாலும் மௌனம்தான். மூச்சுத் திணறுகிறவருக்கு மட்டும் மாதிரிக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அது காசநோய்க் கிருமியையும் சற்று அடக்கி, நோயைச் சில வாரம் மறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ப் பரிசோதனையையும் சேர்த்தே கேளுங்கள்.

கல்ச்சரில் ஒன்றும் வளராததால் நிமோனியா இல்லை என்று ஆகிவிடாது. நிமோனியா தரும் இன்னொரு கிருமியான மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை; கிருமிகளை நுண்ணோக்கியில் பார்க்க நாங்கள் போடும் கிராம் சாயத்தில் தெரியாது. தோட்டத்துப் புதர்களில் பூச்சிகடி வாங்கியவருக்கு ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் நுரையீரலைத் தாக்கியிருந்தால் எங்கள் கல்ச்சர் தட்டுகளில் எதுவும் முளைக்காது. உடம்பில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கைத் தேடி, தனி இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். மழைக்காலத்தில் சர்க்கரை நோயாளியின் மாதிரியில் ‘சூடோமோனாஸ்’ என்ற கிருமிப் பெயர் வந்தால் நான் இன்னொரு முறை பார்ப்பேன். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மண்ணிலிருந்து தொற்றும் மெலியாய்டோசிஸ் கிருமி அப்படித் தவறாகப் பெயரிடப்படுவது உண்டு.

அந்த அக்காவிடம் மறுநாள் காலை வரச் சொல்லியிருக்கலாம். காலைச் சளி நல்லதுதான், ஆனால் புதிய மாலைச் சளி கெட்டுப்போன காலைச் சளியைவிட மேல். பின்வாசலில், காற்றாட, கூட்டமில்லாத இடத்தில் நிற்கவைத்து இருமச் சொன்னேன். மூன்றாவது இருமலில் துருப்பிடித்த நிறத்தில் கெட்டியாக வந்தது. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவைப் பார்க்கப் போய்க் கண்டுபிடித்த அதே சாய முறையில் ஊதாச் சாயம் போட்டேன். சீழ் செல்களுக்கு நடுவே, வேல் முனைகளை முதுகோடு முதுகு ஒட்டியது போல, ஊதா நிறத்தில் ஜோடி ஜோடியாக நிமோகாக்கஸ். ஏழு மணிக்கு முன்பே சீட்டைக் கையில் கொடுத்து மருத்துவரிடம் அனுப்பினேன். போகும்போது, “நாளைக்கு ஜீப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிடவா?” என்று கேட்டார்.