மதர்போர்டு சாக்கெட்டில் பின் வளைந்துவிட்டால்: நிமிர்த்தும் முறை, படிப்படியாக

பிராசசரைப் பொருத்தும்போது கை நழுவி, அது மதர்போர்டில் தான் அமரும் இடமான சாக்கெட்டின் மேல் விழுந்துவிட்டால், பலரும் பதற்றத்தில் அதை எடுத்து மறுபடி வைத்து மூடி, கணினி ஓடுகிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வளைந்த பின் ஒன்று பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டிருக்க, அந்த இரண்டில் ஒன்று மின்சாரம் வரும் பின்னாகவும் மற்றொன்று அது திரும்பிச் செல்லும் கிரவுண்ட் பின்னாகவும் இருந்துவிட்டால், பவர் பட்டனை அழுத்திய கணத்தில் ஷார்ட் ஆகிப் போர்டும் பிராசசரும் சேர்ந்தே கருகக்கூடும். ஊசிமுனையால் சரிசெய்திருக்கக்கூடிய பழுது அது.

முதலில் உங்கள் சாக்கெட் எந்த வகை என்று பாருங்கள். இன்டெல் நிறுவனம் 2004-இல் எல்.ஜி.ஏ. 775 சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது, அதுவரை பிராசசரின் அடியில் இருந்த பின்கள் மதர்போர்டுக்கு இடம் மாறின. எல்.ஜி.ஏ. 1200, 1700 என்று பெயரோடு வரும் எண், தொடுமுனைகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகையில் 1331 பின்களும் பிராசசரிலேயே இருந்தன. 2022-இல் வந்த ஏ.எம்.5-இல் 1718 பின்களும் போர்டுக்கு வந்துவிட்டன. இந்த விளக்கம் போர்டில் பின் இருக்கும் வகைக்கு மட்டுமே உரியது.

போர்டு புதிது, வாரண்டி இருக்கிறது என்றால், ஊசியைத் தொடுவதற்கு முன் தெளிவான படங்கள் எடுத்துக்கொண்டு, வாங்கிய கடையில் கேட்டுவிடுங்கள். வளைந்த பின்னைத் தயாரிப்புக் குறையாக நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை என்றாலும், நீங்கள் கைவைத்த பிறகு கேட்பதற்கு இடமே இராது.

தயார் செய்தல்

மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். போர்டைக் கேபினெட்டுக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்ய முயல வேண்டாம். வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் சமமாக வைப்பதே நல்லது. பூதக்கண்ணாடி, மெல்லிய தையல் ஊசி, கூர்முனை ட்வீசர், திசை மாற்றக்கூடிய சிறு விளக்கு, கேமரா உள்ள கைப்பேசி ஆகியவை போதும். ஊசியைவிட எனக்குப் பிடித்த கருவி, லெட்டை (எழுதும் கரிக்குச்சியை) நீக்கிய 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில்: அதன் குழாய்முனையைப் பின்னின் நுனியில் மாட்டி மெல்லச் சாய்த்தால், ஊசி வழுக்கிப் பக்கத்துப் பின்னில் இடிக்கும் ஆபத்து குறைகிறது. முழுக்கைச் சட்டை அணிந்திருந்தால் மடித்துவிடுங்கள். நூலிழை ஒன்று பின்னில் மாட்டினால் ஒரு வரிசையையே இழுத்துவிடும்.

பார்த்தல்

பாதிக்கு மேற்பட்ட வேலை இதுதான்; இதில் அவசரப்படுபவர்கள்தான் ஒரு பின்னை மூன்றாக்கிக்கொள்கிறார்கள். பின் என்று சொன்னாலும் அது நேராக நிற்கும் கம்பி அன்று. அடியில் பிளாஸ்டிக்கில் ஊன்றி, சாய்வாக எழும்பி, நுனியில் சற்றே வளைந்து நிற்கும் பொன்முலாம் பூசிய மெல்லிய தகடு; ஸ்பிரிங் போல அமுங்கிப் பிராசசரின் அடியிலுள்ள தொடுபரப்பை அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. ஆகவே சாய்வாக இருப்பதெல்லாம் பழுது என்று எண்ணி நிமிர்த்தத் தொடங்கிவிடாதீர்கள். பல சாக்கெட்டுகளில் ஒரு பகுதிப் பின்கள் ஒரு பக்கமாகவும், மறுபகுதிப் பின்கள் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்திருக்கும். ஒரு பின் எப்படி நிற்க வேண்டும் என்பதை அதன் வரிசையில் உள்ள அண்டைப் பின்களே சொல்லும்.

விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடியுங்கள். நுனிகள் மட்டும் ஒளிரும்போது, நாற்று நட்ட வயலை வரப்பிலிருந்து பார்ப்பதுபோல வரிசைகள் கோடு கோடாகத் தெரியும். கோட்டை விட்டு விலகி நிற்கும் ஒளிப்புள்ளியோ, புள்ளியே இல்லாத கருமையான இடமோ கண்ணில் பட்டால் அதுதான் நீங்கள் தேடுவது. நான்கு பக்கங்களிலிருந்தும் படமெடுத்து, கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்து, பழுதான பின்களைப் படத்திலேயே வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

கீழே விழாத பிராசசரிலும் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கலாம். என் சித்தி மகனின் கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பிராசசருக்கு அருகிலிருந்த இரண்டு ஸ்லாட்டுகளில் எந்த ரேமைச் செருகினாலும் தெரியவில்லை. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருப்பதால், அந்த ஸ்லாட்டுகளின் சேனலுக்கு, அதாவது தரவுப் பாதைக்கு, செல்லும் பின் ஒன்று கெட்டாலும் அதன் ஸ்லாட்டுகள் இரண்டும் செத்துவிடக்கூடும். ரேமை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு வாரம் வீணாக்கிய பிறகுதான் சாக்கெட்டைத் திறந்தோம்; ஓரத்தில் ஒரே ஒரு பின் மடங்கிக் கிடந்தது.

நிமிர்த்துதல்

நுனியை மேலிருந்து இழுக்காமல், வளைந்த இடத்திற்கு அடியில் ஊசியைக் கொடுத்து, வளைந்த திசைக்கு நேரெதிராக மயிரிழை அளவு மட்டும் தள்ளுங்கள். கையை எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, மறுபடி சிறிது தள்ளுங்கள். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும். பல பின்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தால், மேலே கிடப்பதை முதலில் விடுவியுங்கள். உலோகம் ஒருமுறை வளைந்து ஒருமுறை நிமிர்வதைப் பெரும்பாலும் தாங்கும். முன்னும் பின்னுமாக ஆட்டினால் முறிந்துவிடும். எனவே அளவு தாண்டிப்போய்த் திரும்ப இழுக்கும் நிலை வராமல், அளவுக்குச் சற்று முன்பே நின்றுகொள்வது மேல். வரிசையில் சேர்ந்தால் மட்டும் போதாது: பக்கவாட்டில் பார்த்தால் உயரமும் அண்டைப் பின்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். தாழ்ந்த பின் பிராசசரைத் தொடாது.

சாக்கெட்டில் தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தப் பூசும் பசை) சிந்தியிருந்தால் பஞ்சாலோ துணியாலோ துடைக்கவே கூடாது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, போர்டைச் சாய்த்து வடியவிட்டு, முழுவதும் காயும்வரை காத்திருங்கள்.

பின் முறிந்துவிட்டது என்றால் வீட்டில் செய்ய அதிகம் இல்லை. கிரவுண்டுக்கென்று ஏராளமான பின்கள் இருப்பதால், முறிந்தது அவற்றில் ஒன்றாயிருந்தால் கணினி வழக்கம்போல் ஓடவும் கூடும். ஆனால் எந்தப் பின் எதற்கு என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்யாமல் அந்த நம்பிக்கையில் மின்சாரம் கொடுக்காதீர்கள். மற்றபடி, சிப்புகளைச் சூடேற்றிக் கழற்றிப் பற்றவைக்கும் பி.ஜி.ஏ. இயந்திரம் வைத்திருக்கும் சர்வீஸ் கடையில் சாக்கெட்டையே மாற்ற வேண்டிவரும். செலவைக் கேட்டுப் புதுப் போர்டின் விலையோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

சோதித்தல்

பிராசசரின் ஓரத்தைப் பிடித்து, மூலையிலுள்ள முக்கோணக் குறியையும் பக்கவாட்டு வெட்டுகளையும் பொருத்தி, நேர்கீழாக இறக்குங்கள். அழுத்தவோ நகர்த்தவோ வேண்டாம். முதலில் ஒரே ஒரு ரேமோடு இயக்கி, போர்டின் அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரை வந்ததும் அணைத்துவிட்டு, அதே ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டைச் செருகி, அது தனக்குரிய எல்லா லேன்களிலும் (தரவுப் பாதைகள்; பெரும்பாலும் 16) இயங்குகிறதா என்று சிபியு-இசட் மென்பொருளில் பார்த்து, ஓர் இரவு முழுதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிடுங்கள். ஒரு ஸ்லாட் மட்டும் அவ்வப்போது நின்று நின்று வேலை செய்தால், உடனே ஊசியை எடுக்காமல், பிராசசரின் மேல் இருக்கும் ஹீட்சிங்கின் திருகுகளைச் சற்றுத் தளர்த்திச் சமமாக இறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினாலும் இதே அறிகுறி தோன்றும்.

எல்லாம் சரியாக இருந்தால், போர்டோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடாமல் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். அடுத்தமுறை பிராசசரைக் கழற்றியதும், வேறெதையும் தொடுமுன் சாக்கெட்டை அதனால் மூடுங்கள்.