புள்ளி விழாத இடத்தையும் பாருங்கள்

ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது, ஏன் என்று பிடிபடவில்லை என்றால் (விபத்து, குழாய் உடைப்பு, காய்ச்சல், எதுவாகவும் இருக்கட்டும்) அதை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கூகுள் மை மேப்ஸ் போதும். ஆழமாக அலச கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

முதலில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் இடம், தேதி, நேரம் மூன்றையும் எக்செல்லில் ஏற்றுங்கள். தெருப் பெயர் மட்டும் போதாது, அட்சரேகை தீர்க்கரேகை வேண்டும்; "பேருந்து நிலையம் அருகில்" என்று எழுதி வைத்தால் சுற்றுவட்டாரப் புள்ளியெல்லாம் நிலையத்தின் தலையில் போய் உட்கார்ந்து, இல்லாத ஒரு கொத்து முளைத்துவிடும். சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

புள்ளிகள் எங்காவது கொத்தாகத் தெரியும். உடனே குதிக்காதீர்கள். ஆள் அதிகமுள்ள இடத்தில் எல்லாமே அதிகமாகத்தான் இருக்கும், அதனால் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். விபத்தென்றால் அந்த வழியே ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பளபளக்கும் வண்ண வரைபடங்களில் பாதி, மக்கள்தொகையைத்தான் வேறு பெயரில் காட்டுகின்றன.

சரி, கொத்து நிஜம் என்று தெரிந்துவிட்டது. இப்போது, புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஏன் இல்லை என்று கேளுங்கள். 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைத் தேடிப் போய் விசாரித்தார், பிறகு வரைபடத்திலும் குறித்தார். பிராட் தெரு அடிபம்பைச் சுற்றித்தான் இறப்புகள் குவிந்திருந்தன. ஆனால் பக்கத்திலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் காலராவில் இறந்தவர்கள் 5 பேர்தான், ஏனென்றால் அங்கே தனிக் கிணறு இருந்தது! அருகிலிருந்த மதுவடிப்பு ஆலைத் தொழிலாளர்களும் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்காததால் தப்பினார்கள். காற்றில் பரவும் நோய் என்று அன்று பலர் நம்பினார்கள். காற்று அந்தச் சுவர்களை மட்டும் விட்டுவிட்டுப் போகுமா? செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். (அதற்குள் நோய் தணிய ஆரம்பித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

புள்ளிகளுக்கும் நீங்கள் சந்தேகப்படும் இடத்துக்கும் உள்ள தூரத்தை நேர்க்கோட்டில் அளக்காமல் நடந்து போகும் வழியில் அளந்து பாருங்கள், ஸ்னோவும் அப்படித்தான் செய்தார். அப்புறம், வார்டு வாரியாகப் பிரித்திருந்தால் எல்லைகளைக் கலைத்துச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போடுங்கள். கட்டத்தின் அளவை மாற்றியதும் கொத்து காணாமல் போனால் அதை நம்பி யாரிடமும் மனு கொடுத்துவிடாதீர்கள். கொத்து அப்படியே நின்றால், செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.