மைக்ரோபரட்டை மட்டும் பார்த்துக் கொண்டென்சர் மாற்றாதீர்கள்

சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கச்சானும் உளுந்தும் செய்கின்ற கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில், சிங்கிள் பேஸ் மோட்டர் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால், முதலில் கைவைக்கப்படுவது கொண்டென்சரில்தான். பாடப்புத்தகம் இதனைக் கொள்ளளவி என்கிறது, இதன் கொள்ளளவை மைக்ரோபரட் என்ற அலகில் குறிக்கிறது. சந்தேகம் பெரும்பாலும் நியாயமானதே. ஆயினும் ட்ரான்ஸ்போமரிலிருந்து தொலைவிலுள்ள தோட்டங்களில் வோல்டேஜ் குறைந்தாலும் மோட்டர் இதேபோல் உறுமும் என்பதால், முதலில் மீற்றரை வைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மின்கடத்தாப் பொருளொன்றை வைத்து வோல்டேஜ் கொடுத்தால், அத்தகடுகளில் மின்னேற்றம் சேரும். கொள்ளளவி என்பது அவ்வளவுதான். மாறுமின்னோட்டத்தில் அது மாறி மாறி நிரம்பி வெறுமையாவதால், மோட்டரின் துணைக் கம்பிச்சுற்றில் ஓடும் மின்னோட்டம் முதன்மைச்சுற்றினதை முந்துகிறது. அந்த முந்தல்தான் சுழற்சியைத் தொடக்கி வைக்கிறது.

பெருந்தவறு, ஸ்டாட் கொண்டென்சரை ரன் கொண்டென்சரின் இடத்தில் பொருத்துவது. முன்னையது பெரிய மைக்ரோபரட் மதிப்புடையது. சில விநாடிகள் வேலைசெய்து, மோட்டர் வேகமெடுத்ததும் சுவிச்சினால் துண்டிக்கப்பட வேண்டியது. பின்னையது பிளாஸ்டிக் படலத்தாலானது. மோட்டர் ஓடும் நேரம் முழுவதும் இணைப்பிலேயே இருக்கத்தக்கது. அப்படி மாற்றிப் போட்ட ஒன்றை நான் திறந்தபோது, கறுப்பு உறையின் மூடி எகிறி, அலுமினியத் தாளோடு சேர்த்துச் சுருட்டிய கடதாசி ஈரமாக வெளியே தொங்கியது. “பலம் கூடட்டும்” என்று அதிக மைக்ரோபரட் உள்ள ரன் கொண்டென்சரைப் போடுவதும் வீண்வேலையே. துணைச்சுற்றில் மின்னோட்டம் கூடிக் கம்பிச்சுற்றே கருகிவிடும்.

வோல்டேஜையும் கவனிக்க வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். 400 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், அது நேர், எதிர் முனைகள் கொண்ட, நேர்மின்னோட்டத்துக்குரிய எலக்ட்ரோலிட்டிக் வகை எனில் மோட்டரில் வெடிக்கும். ரன் கொண்டென்சரில் 440 அல்லது 450 வோல்ட் ஏசி (மாறுமின்னோட்டம்) என்று இருக்க வேண்டும்.

எலக்ட்ரோலிட்டிக்கின் பக்கத்தில் ஓடும் கோடு எதிர் (மைனஸ்) முனையைக் காட்டுகிறது. பற்றரி கிடைக்காத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட தலைமுறைக்கு இது தெரிந்திருக்கும்: டைனமோ தருவது மாறுமின்னோட்டம், மின்னை ஒரே திசையில் விடும் டயோட்டுகளைத் தாண்டிய பிறகே எலக்ட்ரோலிட்டிக் வர வேண்டும். வெயிலில் காயும் தகரக் கூரையின் கீழ் வைக்கும் கருவிக்கு 85 பாகையை விட 105 பாகை வகையே உகந்தது. சிறிய செராமிக் வட்டில் 104 என்றிருந்தால் அது 104 மைக்ரோபரட் அன்று. 10-க்குப் பின் நான்கு சுழியங்கள் கொண்ட பிக்கோபரட் (மைக்ரோபரட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு), அதாவது 0.1 மைக்ரோபரட்.

கழற்றுவதற்கு முன் மின்னை நிறுத்தினால் போதுமென்று எண்ணுவதே உயிருக்கு ஆபத்தானது, ஏனெனில் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ஸ்குறூட்றைவரால் முனைகளைத் தொடுத்துப் பொறி பறக்கவிடும் வழக்கத்தால் முனைகளும் கருகும், கொண்டென்சரும் பழுதாகும். 10 கிலோ ஓம், 5 வாட்ஸ் தடையொன்றைக் காப்பிட்ட வயர்களால் முனைகளுக்குக் குறுக்கே பிடித்தால், 100 மைக்ரோபரட்டில் தேங்கிய வோல்டேஜ் ஐந்து விநாடிகளில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். அதன்பின் மீற்றரால் உறுதிசெய்துகொண்டு முனையைத் தொடலாம்.